வலையோரத்துக் கை

2024 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோ ஓப்பனில் ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் இரட்டையர் பட்டம் வென்றார்கள். முதல் செட்டை இழந்து, இரண்டாவதை டைபிரேக்கில் மீட்டு, கடைசியில் 10-7. நான் அதையே பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட நண்பர், “டபுள்ஸ் ஆடினவர் ஒருத்தர் நம்ம கள்ளக்குறிச்சியிலயே கோச்சா இருக்கார், வாங்க” என்று அழைத்துப்போனார்.

ஊருக்கு வெளியே ஒரு மண் கோர்ட். மேற்கே கல்வராயன் மலை. ஓட்டம், குனிந்து நிமிர்தல், சுவரில் அடித்தல் எல்லாம் எங்கும் உள்ளவைதான், விட்டுவிடுகிறேன். நான் கண்ணெடுக்காமல் பார்த்தது முதுகுக்குப் பின்னால் நடந்த வேலையை.

வலையோரம் நிற்பவர் ஒரு கையை இடுப்புக்குப் பின்னால் வைத்து, சர்வீஸ் போடப்போகும் கூட்டாளிக்குச் சைகை காட்டுகிறார். மூடிய கை என்றால் இங்கேயே நிற்பேன். விரித்த கை என்றால் குறுக்கே பாய்வேன், என் பக்கத்தை நீ பார்த்துக்கொள். சீக்கிரம் கிளம்பினால் எதிராளி காலியான பக்கம் அடித்துவிடுவான். தாமதித்தால் பந்து எட்டாது. அவன் அடிக்கத் துணிந்துவிட்ட அந்தக் கணத்தில் பாய வேண்டும். வெள்ளிமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, விடுதியில் தங்கிப் படிப்பவள், திரும்பத் திரும்ப முந்திக்கொண்டே இருந்தாள். “பாப்பா, பந்தையே பாக்காத. அவன் தோள் திரும்புதா பாரு” என்றார் பயிற்சியாளர். அடுத்ததை மறித்து அடித்தாள்.

போட்டிகளில் ஆடிய காலத்தில், தனியர் ஆட்டத்தில் அவருடைய தரவரிசை ஏறவில்லை. வலையோரத்தில் கை நன்றாக இருந்ததால் கூட்டாளியாகக் கூப்பிட்டார்கள். இருவர் தரவரிசையையும் கூட்டிப் பார்த்துத்தான் ஜோடிக்கு இடம். “நல்ல ராங்க் உள்ளவன் வேற ஆளோட சேந்துட்டா, அன்னைக்கு நைட்டே நமக்கு பஸ்தான் சார்.”

மொத்தப் பரிசு 15,000 டாலர் உள்ள போட்டியில் தனியர் பட்டத்துக்கு 2,160 டாலர். இரட்டையர் பட்டத்துக்கு ஜோடிக்கே 930, ஆளுக்கு 465. 2024 விம்பிள்டனிலும் தனியாக வென்றவருக்கு 27 லட்சம் பவுண்டு, ஜோடிக்கு ஆறரை லட்சம். ஆனால் இந்திய டென்னிஸ் தலைநிமிர்ந்தது எதனால்? சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி 1997-ல் ஜப்பானின் ரிகா ஹிராகியோடு பிரெஞ்சு ஓப்பன் கலப்பு இரட்டையர் வென்றபோதுதான் நம் நாட்டவர் ஒருவர் முதன்முதலாக கிராண்ட்ஸ்லாம் பட்டத்தைத் தொட்டார். ரோகன் போபண்ணா 2024-ல் 43 வயதில் ஆஸ்திரேலிய ஓப்பனை வென்று உலகின் முதல் இடத்துக்குப் போனதும் இரட்டையரில்தான்.

அந்த உயரத்துக்குப் போகாதவர்கள் பயிற்சியாளர் ஆகிறார்கள். கள்ளக்குறிச்சிப் பயிற்சியாளர் முதலில் வேலை பார்த்த நகரத்து அகாடமியில், பெற்றோரைப் பிடித்துவந்த தரகருக்குப் பங்கு, மட்டை விற்றவருக்குப் பங்கு, முதலாளிக்குப் பெரும்பங்கு. வெயிலில் நின்று பந்து போட்டவருக்கு மாதச் சம்பளம், அதுவும் பிந்தி. ஒரு கலையைக் கையில் வைத்திருப்பவனை ஒதுக்கிவிட்டு, அந்தக் கலையின் பெயரால் மற்றவர்கள் காசு பார்ப்பது அநியாயம். கட்டணத்தில் பயிற்சியாளருக்கு எவ்வளவு போகிறது என்று பெற்றோர்கள் கேட்க வேண்டும்.

சிறுபிள்ளைகளுக்கு முதலில் தனியர் ஆட்டம் அல்லவா சொல்லித்தர வேண்டும் என்று அவரிடம் கேட்டேன்.

“இருக்கறது ஒரே கோர்ட் சார். சிங்கிள்ஸ் விட்டா ரெண்டு புள்ளைங்க ஆடும், மத்ததெல்லாம் உக்காந்து வேடிக்கை பாக்கும். டபுள்ஸ்னா நாலு பேரு.”