ஆகாயத் தூரமும் தரைத் தூரமும்

கட்டுநாயக்காவினின்று ஜித்தா நகர் ஏறக்குறைய 2,900 மைல். நேரே செல்லும் விமானம் இதனை 6 மணித்தியாலமளவிற் கடக்கின்றது. 15 பாகைக்கு ஒரு மணி என நாம் கல்லூரியிற் கற்ற தீர்க்கரேகைக் கணக்கையொட்டி, அங்குள்ள கடிகாரம் நமதினும் இரண்டரை மணி பிந்தியது. ஆதலின் போவார்க்குப் பயணம் மூன்றரை மணியே போலத் தோன்றும். திரும்புங்கால் அக்கடன் தவறாது வசூலிக்கப்படும்!

ஆயின், கட்டுநாயக்காவினின்று கல்முனை ஏறக்குறைய 200 மைலே. அதற்கோ, மகியங்கனை மலைவளைவுகளைக் கடந்துவர, ஏழெட்டு மணித்தியாலம் வேண்டும்.

இக்கணக்கின் பாரத்தை, அரபு நாடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் கல்முனை, சாய்ந்தமருது வீட்டார் நன்கறிவர். முஸ்லிம் மக்கள் ஜனாஸாவைத் தாமதிப்பதில்லை. நம்மோடு பயின்ற நண்பரொருவர் ஜித்தாவிற் பணிபுரிந்த காலை, இங்கே அவர்தம் வாப்பா சுபஹு வேளையிற் காலமானார். செய்தி நொடியிற் சென்றது. அஸர் தொழுகையோடு நல்லடக்கம் என்றனர். இடையில் இருந்தது 11 மணித்தியாலமும் இல்லை. வாயிலிலேயே விமானம் காத்து நின்றிருப்பினும் ஆகாயமும் தரையும் சேர 13 மணித்தியாலத்திற் குறையாதன்றோ?

அன்றிரவுதான் அவருக்கு ஆசனம் கிடைத்தது. மறுநாள் மாலை மையவாடியில் அவரோடு நாமும் நின்றோம். கபுறின் மேல் நட்ட செடிக்கு யாரோ தண்ணீர் ஊற்றியிருந்தனர்.