அம்மாவின் பிஸ்கட் ஏன் கருகியது? நான் எழுதிய டிப்ஸும் ஒரு காரணம்!

அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் இரண்டு போட்டோ வந்திருந்தது. முதல் போட்டோவில் ட்ரே நிறைய கோதுமை - நாட்டுச்சர்க்கரை பிஸ்கட். பார்க்க பேக்கரி பிஸ்கட் மாதிரியே இருந்தது. இரண்டாவது போட்டோவில் அதே பிஸ்கட்டுகளைக் கவிழ்த்து வைத்திருந்தார். அத்தனையும் அடியில் கரி.

போன் செய்தேன். "நீ எழுதியிருந்தபடிதானேடி செஞ்சேன், எங்க தப்பு?" என்றார்.

எழுதியது நான்தான். ஒரு மதிய ஷிஃப்ட்டில், 'வீட்டிலேயே பேக்கரி பிஸ்கட்: 5 டிப்ஸ்' என்று முக்கால் மணி நேரத்தில் முடித்துக்கொடுத்த கட்டுரை. 'ஓவனை ப்ரீஹீட் செய்து, 180 டிகிரியில் 15 நிமிடம் வைத்து எடுத்தால் மொறுமொறு பிஸ்கட் ரெடி!' என்று ஆச்சர்யக்குறி வேறு. அதுவரை நான் ஓவன் கதவைத் திறந்ததுகூட இல்லை. சென்னையில் என் அறையில் இருப்பது ஓர் இண்டக்‌ஷன் அடுப்பும் ஒரு குக்கரும்தான்.

வீட்டுக்குச் செய்த பிஸ்கட்டாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். அப்பா ரிட்டயர் ஆன பிறகு அம்மா காசு வாங்கிக்கொண்டு எடுத்த முதல் ஆர்டர் அது. எதிர்வீட்டு அக்கா மகளின் பிறந்தநாளுக்கு ஒன்றரைக் கிலோ. வெண்ணெய் விற்கிற விலையில் அரைக் கிலோ வெண்ணெய் கரியாகிவிட்டது. பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளி இரவே மதுரைக்கு பஸ் ஏறினேன்.

சனிக்கிழமை காலை இருவரும் ஓ.டி.ஜி முன்னால் உட்கார்ந்தோம். "அன்னிக்கு எப்படிம்மா செஞ்சே, அப்படியே செஞ்சு காட்டு" என்றேன். அவர் முதலில் செய்த காரியம், காலி ட்ரேயை உள்ளே வைத்து ஓவனைச் சூடாக்கியதுதான். தோசை ஊற்றுவதற்கு முன் கல்லைக் காயவைப்போமே, அப்படி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ப்ரீஹீட் செய்யும்போது ட்ரே வெளியே இருக்க வேண்டும் என்று நான் எழுதவே இல்லை.

அந்த ட்ரேயும் ஒரு காரணம். ஓவனுடன் வந்தது, கறுப்பு, மெல்லிசு. கறுப்பு ட்ரே வெப்பத்தை அதிகமாக இழுத்துக்கொள்ளும். பளபளப்பான அலுமினியம் என்றால் அதில் பெரும்பகுதியைத் திருப்பியனுப்பிவிடும். சின்ன ஓவனில் கீழ்க்கம்பிக்கும் ட்ரேவுக்கும் இடைவெளியும் குறைவு. பிஸ்கட்டின் மேல்பக்கம் சூடான காற்றில் நிதானமாக வேகும்போது, அடிப்பக்கம் காய்ந்த தகரத்தில் ஒட்டிக்கிடந்து வறுபடுகிறது. போதாததற்கு, ஒட்டக் கூடாது என்று அம்மா நெய்யைத் தாராளமாகத் தடவியிருந்தார். அடியில் பொரியவும் வழி செய்தாயிற்று!

மாவை வீணாக்க மனமில்லாமல் நான்கு நான்காக வைத்துப் பார்த்தோம். ஆறின ட்ரே, நெய்க்குப் பதில் பேக்கிங் பேப்பர், நடுத்தட்டு, 160 டிகிரி. (ஸ்வீட் கடையில் சுற்றித் தரும் சாதாரண பேப்பரை ஓவனுக்குள் வைத்துவிடாதீர்கள், புகையும்.) கருகவில்லை. ஆனாலும் அடி, மேல்பக்கத்தைவிட இரண்டு மடங்கு சிவந்திருந்தது.

அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிரியாணிக்கு தம் போடும்போது சட்டிக்கு அடியில தோசைக்கல்லைப் போடுறோம்ல? இதுக்கும் அடியில ஒண்ணு குடுத்தா என்ன?" என்றவர், கறுப்பு ட்ரேயின் மேல் ஓர் அலுமினியத் தட்டை வைத்து, அதில் பிஸ்கட்டை அடுக்கினார். இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய காற்று, வெப்பம் சட்டென்று ஏறவிடாமல் தடுக்கிறது. 18 நிமிடம் ஆனது. அடி தேன் நிறத்தில் வந்தது. அடுக்கு ட்ரே வைப்பது பேக்கிங் செய்பவர்கள் காலங்காலமாகச் செய்வதுதான் என்று பிறகுதான் படித்தேன். என் ஐந்து டிப்ஸில் அது இல்லை.

இன்னொரு சிக்கல், நிறம். 'பொன்னிறமானதும் எடுக்கவும்' என்றும் எழுதியிருந்தேன். நாட்டுச்சர்க்கரை போட்ட மாவு பச்சையாக இருக்கும்போதே பழுப்புதான், அதில் எங்கே பொன்னிறத்தைத் தேடுவது? அதனால் 12 நிமிடத்திலிருந்தே அவ்வப்போது ஒரு பிஸ்கட்டை மட்டும் கத்தியால் நெம்பி அடியைப் பார்த்தோம். சிவந்துவிட்டால், மேலே தொட்டுப் பார்க்க மெத்தென்று இருந்தாலும் எடுத்துவிட வேண்டியதுதான். ஆறினால் மொறுமொறுப்பாகிவிடும். மொறுமொறுப்பு உள்ளேயே வரட்டும் என்று அம்மா கூடுதலாக 5 நிமிடம் விட்டதும் அன்றைய கரிக்கு ஒரு காரணம்.

வெளியே எடுத்த பிறகும் ட்ரேயின் சூட்டில் அடி சிவந்துகொண்டேதான் இருக்கும். இரண்டு நிமிடம் பொறுத்து, உடையாத பதம் வந்ததும் மாற்றிவிட வேண்டும். கம்பி ஸ்டாண்டு இல்லாததால் அம்மா மாவு சல்லடையைக் கவிழ்த்து அதன்மேல் பரப்பினார். அடுத்த ஈட்டுக்கு அதே சூட்டுத் தட்டில் மாவை வைத்தால் பழைய கதைதான். தட்டு ஆறும்வரை காத்திருந்ததில் ஒன்றரைக் கிலோ முடிய இரவு 11 மணி ஆகிவிட்டது.

ஞாயிறு காலை டப்பா எதிர்வீட்டுக்குப் போனது. திங்கட்கிழமை ஆபீஸில் எடிட்டரிடம் சொல்லிவிட்டு அந்தக் கட்டுரையைத் திருத்தினேன். '180 டிகிரி, 15 நிமிடம்' என்ற வரி இப்போது இல்லை. ஆச்சர்யக்குறியையும் எடுத்துவிட்டேன்.

கருகிய பிஸ்கட்டுகளை அம்மா கொட்டவில்லை. அப்பா தினமும் மாலை இரண்டு எடுத்து, கரியைக் கத்தியால் சுரண்டிவிட்டு, டீயில் தோய்த்துச் சாப்பிடுகிறார். இன்னும் அரை டப்பா இருக்கிறதாம்.