துலாக்கோல் யார் கையில்?

தீபாவளிக்கு மறுநாள் மாலை. சுங்கை சிப்புட் வட்டாரத்தில், ஒரு காலத்தில் பால்மரங்கள் வரிசை வரிசையாக நின்ற தோட்டம் ஒன்று இப்போது செம்பனையாகக் கறுத்துக் கிடக்கிறது. அதன் எதிர்ப்புறத்தில் ஒரு சிறு குடியிருப்பு. அக்குடியிருப்பின் கடைசி வீட்டுக் கூடத்தில், நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் வெற்றுப் பக்கத்தின் நடுவே ஒரு கோடு இழுத்தார் அவ்வீட்டின் மகன். இடப்புறம் 'வரவு' என்றும் வலப்புறம் 'செலவு' என்றும் எழுதினார்.

அவருக்கு வயது 46. ஷா ஆலமில் உள்ள தொழிற்சாலையொன்றில் இயந்திரப் பராமரிப்பு மேற்பார்வையாளர். துணைவியார் தனியார் நிறுவனத்தில் கணக்கர். மூத்த மகள் இடைநிலைப்பள்ளி மாணவி. இளைய மகன் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். சுங்கை சிப்புட் வீட்டிலோ 74 வயதான தாய் தனித்து வாழ்கிறார். தலைநகர வட்டாரத்தை விட்டுப் பேராக்கிற்கே குடிபெயர்ந்துவிடலாமா என்பதே அத்தாளில் நிறுக்கப்பட்ட வினா.

இவ்வினா இவ்வொரு குடும்பத்திற்கு மட்டும் உரியதன்று. பேராக்கில் பிறந்து, கிள்ளான் பள்ளத்தாக்கிலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் பிழைப்பைத் தேடிக்கொண்ட குடும்பங்கள் பல. பண்டிகைக்கு ஊர் வரும்போதெல்லாம் அவர்தம் உள்ளத்தில் இது எழுகிறது. விடுமுறை முடிந்து வண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும் அடங்குகிறது. அடுத்த பண்டிகையில் மீண்டும் தலைதூக்குகிறது. இவ்வாறு ஆண்டுதோறும் எழுந்தடங்கும் வினாவை ஒருமுறையேனும் நிதானமாக நிறுத்துப் பார்த்தல் நலம்.

திருவள்ளுவர் 'தெரிந்து செயல்வகை' என்னும் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே மூன்றனை எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். கையை விட்டுப் போவது எது? கைக்கு வருவது எது? வந்தது பின்னாளில் தரும் பயன் எது? நாட்காட்டித் தாளிலோ இரண்டு பத்திகளே இருந்தன. மூன்றாவது பத்தி விடுபட்டிருந்தது. குடும்பங்கள் பலவற்றின் கணக்கில் விடுபடுவதும் அதுவே.

வரவு செலவைப் பார்க்குமுன், இக்குடும்பம் முன்னர் இடம்பெயர்ந்த கதையையும் பார்த்தல் வேண்டும். இப்பெயர்வு முதலாவதன்று.

1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளுள் ஒன்று முதுமரமாக இன்றும் அங்கே நிற்கிறது. அப்பயிர் மலேயா முழுவதும் பரவியபோது, அதற்குக் கைகள் தேவைப்பட்டன. கங்காணிகள் தமிழகத்துச் சிற்றூர்களுக்குச் சென்று ஆள் திரட்டினர். மகனின் பாட்டனார் அவ்வாறு கப்பலேறியவர். 1938இல் இந்திய அரசு அத்தகைய ஆள் அனுப்புதலைத் தடை செய்தது. அதற்குமுன் வந்தவர்களுள் அவரும் ஒருவர். எந்தத் தோட்டம், எவ்வளவு கூலி, எந்த லயம் என்பனவற்றை முடிவு செய்தவர் அவரல்லர்.

இரண்டாம் பெயர்வு 1969இல் நேர்ந்தது. குடியுரிமை பெறாதார் வேலை அனுமதிச் சீட்டுப் பெற்றே தொழில் செய்தல் வேண்டும் என்ற சட்டம் அப்போது நடைமுறைக்கு வந்தது. சீட்டுக் கிடைக்காத தமிழர் பல்லாயிரவர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். பாட்டனாரின் தம்பி போனார், பாட்டனார் தங்கினார். ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்ந்த அண்ணன் தம்பியைக் கடல் பிரித்தது.

மூன்றாம் பெயர்வு தோட்டத்தை விட்டு வெளியேறியது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட நாளில், சுங்கை சிப்புட் தந்த தலைவரான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் 10 வெள்ளி எனச் சிறுகச் சேர்த்து, தொழிலாளரே தோட்டம் வாங்கலாம் என்னும் நம்பிக்கையை அது விதைத்தது. ஆயினும் எல்லாத் தோட்டங்களையும் அச்சங்கம் காத்துவிட இயலவில்லை. இக்குடும்பம் வாழ்ந்த தோட்டத்தில் 1990களில் பால்மரங்கள் சாய்க்கப்பட்டன. 1980ஆம் ஆண்டின் விதிகளின்படி, பணி செய்த ஆண்டுகளைக் கணக்கிட்டு வேலைநிறுத்த இழப்பீடு கிடைத்தது. ஆனால் லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போயிற்று. ஈப்போவில் வேலை தேடலாம் என்றால், 1985இல் ஈய விலை வீழ்ந்ததால் கிந்தா பள்ளத்தாக்கின் லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டிருந்தன. ஆகவே இளைஞனாயிருந்த மகன் தெற்கு நோக்கிப் பேருந்து ஏறினார்.

இம்மூன்று பெயர்விலும் துலாக்கோல் குடும்பத்தின் கையில் இருந்ததில்லை. முதலில் அது கங்காணியின் கையில் இருந்தது. அடுத்து சட்டத்தின் கையில். பின்னர் சந்தையின் கையில். நான்காம் பெயர்வாகிய இதில்தான் அது குடும்பத்தாரின் கைக்கு வந்துள்ளது. அருமையாகக் கிடைத்த துலாக்கோலைக் கவனமாகப் பிடித்தல் கடமையாகும்.

வரவுப் பத்தியில் முதலாவதாக எழுதப்பட்டது வீட்டுச் செலவு. 2025ஆம் ஆண்டு முதல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். கோலாலம்பூருக்கும் சுங்கை சிப்புட்டிற்கும் சட்டம் விதிக்கும் தொகை ஒன்றே. ஆனால் வாடகை ஒன்றன்று. அங்கு அடுக்குமாடியின் மூன்று அறைகளுக்குக் கொடுக்கும் தொகைக்கு, இங்கு முன்றிலும் முருங்கை மரமும் உள்ள வீடு கிடைக்கும்.

இரண்டாவது, தொலைவு குறைந்திருப்பது. 2010இல் ஓடத் தொடங்கிய மின்தொடர் வண்டி கோலாலம்பூரிலிருந்து ஈப்போவிற்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் வந்து சேர்கிறது. அத்தடம் பின்னர் வடக்கே நீண்டு, சுங்கை சிப்புட்டையும் கோலகங்சாரையும் தொட்டுச் செல்கிறது. மூன்றாவது, கல்வி. 1922இல் ஆசிரியர் கல்லூரியாகத் தொடங்கிய தஞ்சோங் மாலிம் நிலையம் இன்று சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ளது. கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகம் 2007 முதல் இயங்குகிறது. உயர்கல்விக்காகப் பிள்ளைகள் மாநிலத்தை விட்டுப் போயே தீர வேண்டும் என்ற நிலை இப்போதில்லை. நான்காவது, தமிழ். நாட்டிலேயே மிகுதியான தமிழ்ப்பள்ளிகள் பேராக்கில்தான் உள்ளன; அவை 130க்கும் மேற்பட்டவை. புந்தோங்கின் தெருக்களில் தமிழ் ஒலிக்கிறது. தைப்பூச நாளில் கல்லுமலையில் காவடிகள் நிறைகின்றன.

இனிச் செலவுப் பத்தி. குறைந்தபட்சச் சம்பளம் எங்கும் ஒன்றே எனினும், அதற்குமேல் உயரும் படிகள் எங்கும் ஒன்றல்ல. இருபது ஆண்டுப் பட்டறிவிற்கு ஷா ஆலமில் கிடைக்கும் மதிப்பு, சிற்றூரில் கிடைப்பது அரிது. தஞ்சோங் மாலிமில் மகிழுந்துத் தொழிற்சாலை உண்டு. ஈப்போவைச் சூழத் தொழிற்பேட்டைகள் உண்டு. ஆயினும் ஓரிடத்தை இழந்தால் மற்றோரிடம் உடனே கிடைக்கும் என்னும் உறுதி அங்கில்லை.

மருத்துவமும் எண்ணத்தக்கது. சுங்கை சிப்புட்டில் மருத்துவமனை இருப்பினும், கடும் நோய்க்குரிய வல்லுநரை நாடி ஈப்போவிலுள்ள ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கே செல்லல் வேண்டும். பேருந்து அரிதாக வரும் இடத்தில், வண்டி ஓட்டத் தெரியாத முதியவர்க்கு முப்பது கிலோமீட்டர் என்பது பெருந்தொலைவே.

இவற்றினும் கனமானதொன்றைத் துணைவியார் எடுத்துரைத்தார். அவர் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர்.

"உங்களுக்கு இது ஊருக்குத் திரும்புவது. எனக்கும் பிள்ளைகளுக்கும் இது புது ஊருக்கு வருவது. இரண்டும் ஒன்றென்று எழுதாதீங்க."

இச்சொற்களில் முழு உண்மை இருந்தது. திரும்ப நினைப்பவர் நினைவில் உள்ள ஊர் வேறு. இன்று நிலத்தின்மீது உள்ள ஊர் வேறு. விடியற்காலைப் பிரட்டு மணியும், பால் கொட்டகை வாசமும், திருவிழா இரவில் திரை கட்டிக் காட்டிய படமும் இன்றில்லை. அவற்றைப் பகிர்ந்துகொண்ட நண்பர்களும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் உள்ளனர். நினைவு இனிமையானதே, ஆயினும் அதனைப் படிக்கல்லாக வைத்து நிறுத்தால் நிறை தவறிவிடும்.

மூன்றாவது பத்திக்கு வருவோம். பெயர்வு இன்று தருவதையன்றி, பத்தாண்டுகள் கழித்து விளைவிப்பது என்ன?

1957இல் நாட்டில் இருந்த தமிழ்ப்பள்ளிகள் 888. இன்று எஞ்சியவை 520க்குச் சற்று மேல். தோட்டங்களிலிருந்து மக்கள் வெளியேற, பள்ளிகள் பிள்ளைகளற்று நின்றன. சில இணைக்கப்பட்டன, சில புதிய குடியிருப்புகளுக்கு இடம் மாறின. 150க்கும் குறைவான மாணவர் பயிலும் பள்ளியைக் கல்வியமைச்சு குறைந்த மாணவர் பள்ளி எனப் பகுக்கிறது. இருபது முப்பது பிள்ளைகளோடு நடைபெறும் பள்ளியில் ஒரு பிள்ளை கூடுவதும் குறைவதும் ஒரு நிகழ்ச்சியாகவே இருக்கும்.

இதனைக் காட்டி, "பள்ளியைக் காப்பதற்காகவேனும் வாருங்கள்" என அழைப்போர் உண்டு. அது தலைகீழ்க் கணக்கு. பிள்ளைக்காகப் பள்ளியே அன்றிப் பள்ளிக்காகப் பிள்ளையன்று. சிறு பள்ளியில் ஆசிரியரின் கண் ஒவ்வொரு மாணவன்மீதும் படும். தயங்கிப் படிப்பவனுக்கு அது பெரும்பேறு. ஆனால் இரண்டு ஆண்டு மாணவர் ஒரே வகுப்பில் அமர நேரலாம். பந்தாட்டக் குழு அமைக்க ஆள் போதாமலும் போகலாம். இரண்டையும் பெற்றோர் நேரில் கண்டு, தம் பிள்ளையின் இயல்பறிந்து முடிவு செய்தல் வேண்டும்.

ஊர் தேய்வது நம் நாட்டின் துன்பம் மட்டுமன்று. ஜப்பானில் தோக்கியோவை விட்டு நாட்டுப்புறம் செல்லும் குடும்பங்களுக்கு, பிள்ளையொன்றுக்குப் பத்து லட்சம் யென் வரை வழங்கும் திட்டம் 2023 முதல் நடைமுறையில் உள்ளது. பணத்தைத் தந்தேனும் பிள்ளைகளின் ஆரவாரத்தை ஊருக்குள் கொணர ஓர் அரசு முயல்கிறது. இங்கு அத்தகைய தொகை இக்குடும்பத்திற்குக் காத்திருக்கவில்லை. ஆதலின் அது தன் கணக்கைத் தானே சரிபார்த்தல் வேண்டும்.

மூன்றாவது பத்தியில் எழுதத்தக்க மற்றொன்று முதுமை. தாயை ஷா ஆலமிற்கு அழைத்துச் செல்வது எளிய வழியாகத் தோன்றும். முன்பு ஒருமுறை அழைத்தும் சென்றனர். மகனும் மருமகளும் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றபின், பூட்டிய கதவுக்குள் நாற்பது நாள் இருந்துவிட்டு அவர் ஊர் திரும்பினார். இளையோர் பேராக்கிற்கு வருவது மட்டும் இடப்பெயர்வு அன்று. முதியவர் பட்டணம் செல்வதும் இடப்பெயர்வே. அதன் செலவை அத்தாளில் எவரும் எழுதவில்லை.

விளக்கேற்றிவிட்டு வந்த தாய் அத்தாளை எடுத்துப் பார்த்தார். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்துக் கூட்டி வாசிப்பார். இடப்புறத்தில் 'அம்மாவுடன் இருக்கலாம்' என்று எழுதியிருந்தது. வலப்புறத்தில் 'அம்மா மருத்துவச் செலவு' என்றிருந்தது.

"தம்பி, இதிலே நான் எந்தப் பக்கம்? வரவா, செலவா?"

மகன் விடை கூறவில்லை. மருமகள்தான் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எந்தப் பக்கமும் இல்லை, அத்தை. கணக்குப் போடுற பக்கம் வந்து உட்காருங்க."

மூன்று பெயர்வுகளையும் கண்டறிந்த குடும்பத்தின் மூத்தவர், முதன்முறையாகத் துலாக்கோலின் அருகே அமர்ந்தார். அவர் கூறியது எவரும் எண்ணாத ஒன்று.

"நீங்க இந்த வீட்டுக்கே வரணும்னு நான் எப்போ கேட்டேன்? ஈப்போவிலே இருங்க. கூப்பிட்டா முக்கால் மணியிலே வந்திடுவீங்க. பிள்ளைக்குப் பெரிய பள்ளிக்கூடம் இருக்கு. அதுக்கும் வேலை கிடைக்கும். எனக்கு இந்தக் கோயிலும் இந்தப் பக்கத்து வீட்டு மனுசங்களும் போதும்."

'அதுக்கும்' என்று அவர் அன்போடு குறித்தது மருமகளை. அத்தாளில் இருந்த வினா ஷா ஆலமா, சுங்கை சிப்புட்டா என்பதே. இடையில் ஈப்போ இருப்பது, கேட்கப்படாமலிருந்த ஒருவர்க்கே தெரிந்திருந்தது.

அன்றிரவே முடிவு எட்டப்படவில்லை, எட்டப்படாததும் நன்றே. ஆண்டிறுதி விடுமுறையில் ஈப்போவில் தங்கிப் பார்ப்பது, பிள்ளைகளோடு பள்ளிகளைக் காண்பது, இருவருள் ஒருவர்க்கேனும் வேலை உறுதியான பின்னரே பெயர்வது, ஷா ஆலம் வீட்டை விற்காமல் ஓராண்டு வாடகைக்கு விடுவது என நான்கு செய்திகள் தாளின் அடியில் எழுதப்பட்டன.

பேராக்கிற்குக் குடிபெயர்தல் எல்லார்க்கும் நன்று என்பதும், எல்லார்க்கும் தீது என்பதும் பொருந்தா. கடனுக்கு அஞ்சி ஓடி வருபவர்க்கு இம்மண் வேலையை உடனே தந்துவிடாது. நினைவைத் தேடி வருபவர்க்கு அந்நினைவு இங்கில்லை. பெயர்பவர் அனைவரும் ஒன்றாய் அமர்ந்து எண்ணி, இயலும் வழியைத் தேர்ந்து வருபவர்க்கே இங்கு வாழ்வுண்டு. நம் முன்னோர்க்கு அவ்வாறு அமர்ந்து எண்ணும் உரிமை வாய்க்கவில்லை. அது வாய்த்த இக்காலத்தில், வீட்டிலுள்ள மூத்தவரையும் இளையவரையும் கேளாமல் ஒருவர் மட்டும் நிறுப்பாராயின், கங்காணியின் கையிலிருந்த துலாக்கோலே மீண்டும் வீட்டிற்குள் வந்ததாகும்.