நோய்ச் செலவின் மூன்று பங்கு

கரிசற் காட்டில் வாழ்வார்க்கு எதிர்பாராமையே இயல்பாகும். ஐப்பசியிற் பெய்ய வேண்டிய மழை கார்த்திகைக்குத் தள்ளிப் போதலும், நெற்று முற்றிய காலத்தில் வேண்டாத மழை வந்து உளுந்தையும் பாசிப்பயற்றையும் செடியிலேயே முளைக்கச் செய்தலும் இந்நிலத்தார் நெடுங்காலமாகக் கண்டு பழகியவை. கோவில்பட்டியைச் சூழ்ந்த ஊர்களில் பெரும்பாலும் மானாவாரியே வேளாண்மை. ஆதலின், விளைந்த ஆண்டிற் சிறிது எடுத்து வைத்து, விளையாத ஆண்டை ஓட்டுதல் இங்குள்ளார் தலைமுறை தலைமுறையாகக் கற்ற பாடம். எனினும், வானம் பொய்த்தலைத் தாங்கிய குடும்பமும், பெருநோய் ஒன்று வீட்டினுள் நுழைந்தால் தாங்குவதில்லை. முதலில் ஆட்டை விற்று, பின்னர்க் காதிற் கிடந்ததைக் கழற்றி, இறுதியிற் காட்டையும் ஒற்றி வைத்து நின்றவர் பலரை யாம் அறிவோம்.

இத்தகைய இழப்பை ஒரு குடும்பத்தின் தலையினின்றும் இறக்கி, பலர் தலையிலும் சிறுகச் சிறுக ஏற்றுதலே காப்பீட்டின் தத்துவம். நோய் வந்த பின்னர்ப் பணந் தேடுவதற்கு மாறாக, அது வருமுன்னரே குடும்பத்துக்கு இவ்வளவென்று ஆண்டுதோறும் ஒரு கட்டணம் செலுத்தப்படுகின்றது. அதனைப் பிரீமியம் என்பர். ஏழைக் குடும்பங்களுக்காக அப்பிரீமியத்தை அரசாங்கமே செலுத்துகின்றது. இவ்வளவும் யாவரும் அறிந்ததே. எந்த அரசாங்கம் எவ்வளவு செலுத்துகின்றது என்பதையே பலரும் அறியார்.

சில ஆண்டுகளுக்கு முன், எம் ஊரில் தீப்பெட்டி ஒட்டிப் பிழைக்கும் அம்மையார் ஒருவர், யாம் சித்தி என்றழைப்பவர், தம் காப்பீட்டு அட்டையை எம் கையிற் கொடுத்து, “ஏ தம்பி, நீ படிச்ச பிள்ளை. இந்த அட்டைக்குத் துட்டு கட்டுதது ஆரு? டெல்லிக்காரங்களா, மெட்ராஸ்காரங்களா?” என்று வினவினார். “ரெண்டு பேரும் சேர்ந்துதான், சித்தி” என்றோம். “சேர்ந்துன்னா, ஆளுக்குப் பாதியா?” என்றார். கேட்டற்கு எளிய இவ்வினாவின் விடை அத்துணை எளிதன்று. அதனையே இங்கு விரித்துரைக்க விழைகின்றோம்.

1950-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு, ஆட்சிக்குரிய அதிகாரங்களை மூன்று பட்டியல்களாக வகுத்துள்ளது. பொதுச் சுகாதாரமும் வைத்தியசாலைகளும் மாநிலப் பட்டியலின் 6-ஆம் இனம். காப்பீடு மத்தியப் பட்டியலின் 47-ஆம் இனம். சமூகப் பாதுகாப்பும் சமூகக் காப்பீடும் இருவர்க்கும் பொதுவான பட்டியலின் 23-ஆம் இனம். ஆகவே, ஏழையின் வைத்தியக் காப்பீடு மூன்று பட்டியல்களிலும் கால் வைத்து நிற்கின்றது. நோயாளி படுத்திருக்கும் கட்டில் மாநிலத்தின் பொறுப்பு. காப்பீட்டுத் தொழிலை ஆளும் சட்டம் மத்தியத்தின் பொறுப்பு. இரண்டையும் இணைத்து ஏழைக்குப் பயன்படச் செய்தல் இருவர்க்கும் உரிய கடமை. இருவர்க்குரிய காரியம் இரு மடங்கு வலிமையோடு நடப்பதும் உண்டு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்பதால் நடவாது போதலும் உண்டு.

செலவைப் பகிர்ந்து கொள்ளுதல் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1948-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டத்தின் திட்டம் 1952 பிப்ரவரி 24-இல் கான்பூரிலும் டெல்லியிலும் முதன்முதல் தொடங்கிற்று. தொழிலாளியும் முதலாளியும் கூலியில் ஒரு பகுதி செலுத்துவர். 2019 ஜூலையில் அது முறையே நூற்றுக்கு 0.75 என்றும் 3.25 என்றும் குறைக்கப்பட்டது. வைத்தியச் செலவில், வகுத்த வரம்புக்குள், எட்டில் ஏழு பங்கை ஈட்டுறுதிக் கழகமும் எட்டில் ஒரு பங்கை மாநில அரசாங்கமும் ஏற்றல் முறை. பஞ்சாலைத் தொழிலாளர்க்கு இஃது ஓர் அரண். ஆனால், திண்ணையிலிருந்து தீப்பெட்டி ஒட்டுவோரும், புஞ்சையிற் களை எடுப்போரும், ஆடு மேய்ப்போரும் எந்தச் சம்பளப் பட்டியலிலும் இல்லாதவர். அவர்கள் அவ்வரணுக்கு வெளியே நின்றனர்.

அவர்களையும் உள்ளே கொணர, மத்திய அரசாங்கம் 2008-இல் ராஷ்டிரிய ஸ்வாஸ்திய பீமா யோஜனா என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. குடும்பத்துக்கு ஆண்டில் 30,000 ரூபாய் வரை பாதுகாப்பு. பிரீமியத்தில் மத்தியம் 75 பங்கு, பெரும்பாலான மாநிலங்கள் 25 பங்கு. தமிழ்நாடு வேறொரு வழியிற் சென்றது. 2009 ஜூலையில் உயிர்காக்கும் சிகிச்சைகளுக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தைத் தன் சொந்தச் செலவிலேயே தொடங்கிற்று. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அதன் இடத்துக்கு வந்தது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கு 1 லட்சமும், குறித்த சில சிகிச்சைகளுக்கு 1½ லட்சமும் ஆண்டு வரம்பு. பிரீமியம் முழுவதும் மாநிலக் கருவூலத்தினின்றே சென்றது.

2018 செப்டம்பர் 23-இல் ராஞ்சி நகரில் பிரதமரின் ஜன ஆரோக்கிய யோஜனா தொடங்கப்பெற்றது. குடும்பத்துக்கு ஆண்டில் 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு. தமிழ்நாடு அதனைத் தன் திட்டத்தோடு இணைத்துக்கொண்டது. அன்று முதல் ஒரே அட்டைக்குப் பின்னால் இரு கருவூலங்கள் நின்றன.

அத்திட்டத்தின் பங்கீட்டு விதி இது: பெரும்பாலான மாநிலங்களில் மத்தியம் 60, மாநிலம் 40, வடகிழக்கு மாநிலங்களிலும் இமயமலை மாநிலங்களிலும் 90-உம் 10-உம். தமிழ்நாட்டுக்கு உரியது முதல் விகிதம். 2022 ஜனவரி 11 முதல் ஐந்தாண்டுகளுக்கென யுனைடெட் இந்தியா காப்பீட்டுக் கழகத்தோடு மாநிலம் செய்த ஒப்பந்தத்தில் குடும்பத்துக்கு ஆண்டுப் பிரீமியம் 849 ரூபாய். இதனை அவ்விகிதப்படி பகுத்தால், மத்தியத்தின் பங்கு 509 ரூபாய் 40 காசு. மாநிலத்தின் பங்கு 339 ரூபாய் 60 காசு. சித்தியின் வினாவுக்கு ஏட்டில் உள்ள விடை இதுவே.

ஆயின், இவ்விடையை இரண்டு நிபந்தனைகள் தொடர்கின்றன. முதலாவது, மத்திய அரசாங்கம் எல்லா அட்டைகளுக்கும் பங்கு தருவதில்லை. 2011-ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பே அதன் பங்குக்கு அடிப்படையாக அமைந்தது. அக்கணக்கில் இடம் பெறாத குடும்பம், மாநில விதிப்படி தகுதி பெற்றிருப்பின், 849 ரூபாயும் மாநிலத்தையே சாரும். ஆகவே, ஒரே தெருவில் அடுத்தடுத்த இரு வீட்டார் ஒரே வகை அட்டை வைத்திருப்பினும், ஒரு வீட்டுக்கு இருவர் செலுத்துவர். மறு வீட்டுக்கு ஒருவரே செலுத்துவர். இரண்டாவது, மத்தியத்தின் பங்குக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. பிரீமியம் அவ்வரம்பைத் தாண்டுமாயின், மிகுந்த தொகை மாநிலத்தின் தலையில் விழும்.

இந்த உச்சவரம்பு என்னும் சொல் நம் கரிசல் விவசாயிகளுக்குப் புரியாததன்று. பயிர்க் காப்பீட்டில் அதனை அவர்கள் அனுபவத்தில் அறிவர். 2016-இல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், விவசாயி செலுத்தியது போக எஞ்சியதை மத்தியமும் மாநிலமும் சரிபாதியாக ஏற்றன. 2020-இல் விதி மாறிற்று. மானாவாரி நிலத்துக்குப் பிரீமிய விகிதம் நூற்றுக்கு 30 வரை, பாசன நிலத்துக்கு 25 வரை என்னும் எல்லைக்குள் மட்டுமே மத்தியம் தன் பாதியைத் தரும் என்று வரையறுக்கப்பட்டது. மழை பொய்க்கும் நிலத்துக்கே பிரீமியம் மிகுதி. ஆகவே வரம்பின் சுமையும் அத்தகைய நிலத்தையே முதலில் தொடும். வைத்தியக் காப்பீட்டிலும் இத்தகைய வரம்பின் போக்கு இதுவேயாம்.

கடல் கடந்த ஒரு நாட்டின் வரலாறு இங்கு நினைக்கத் தக்கது. கனடாவில் சஸ்காச்சுவான் என்பது நம் நாட்டைப் போன்றே மழையை நம்பிய ஒரு புன்செய் மாகாணம். அங்கே விளைவது கோதுமை. 1930-களின் வறட்சியிலே அம்மாகாணம் நொந்தது. டக்ளஸ் என்பார் தலைமை ஏற்றிருந்த அதன் அரசாங்கம், 1947 ஜனவரியில் தன் குடிகள் எல்லார்க்கும் வைத்தியசாலைக் காப்பீட்டை ஏற்படுத்திற்று. பத்தாண்டு கழித்து, 1957-இல் கனடாவின் மத்திய அரசாங்கம் சட்டமியற்றி, ஏனைய மாகாணங்களும் அவ்வாறு செய்தால் செலவிற் சுமார் பாதியைத் தாம் ஏற்பதாக முன்வந்தது. பின்னர் 1977-இல், செலவோடு சேர்ந்து வளரும் அப்பாதிப் பங்கு நீக்கப்பட்டு, வேறு கணக்கில் வகுத்த மானியமாக மாறிற்று. புன்செய் மாகாணம் முதலிற் செய்தது; பேரரசாங்கம் பின்னர்த் தோள் கொடுத்தது; அதன் பின்னர்த் தன் தோளுக்கு ஓர் அளவு வகுத்துக்கொண்டது. 2009-இல் தமிழ்நாடு தொடங்கியதையும் 2018-இல் மத்தியம் சேர்ந்ததையும் இதனோடு ஒப்பிட்டு நோக்குவார்க்கு, பங்கீடு ஒருமுறை எழுதி முடித்துவிடும் கணக்கன்று என்பது விளங்கும்.

நம் ஊருக்குத் திரும்புவோம். மாநிலம் வகுத்த வருமான எல்லை 72,000 ரூபாயினின்று 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது நன்றே. எனினும் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டில் இருவர், ஆளுக்கு ஆண்டில் 200 நாள், நாளொன்றுக்கு 300 ரூபாய்க் கூலிக்கு உழைப்பின், அவர்கள் வருமானம் சரியாக 1,20,000 ரூபாய். மழை நன்கு பெய்து களை எடுப்பில் இன்னும் பத்து நாள் வேலை கிடைத்தால், ஏட்டின்படி அவர்கள் ஏழையர் அல்லர்! அடுத்த ஆண்டு மழை பொய்த்தால் மீண்டும் ஏழையர். ஆண்டுக்காண்டு ஏறி இறங்கும் வாழ்வை ஒரு சான்றிதழின் ஒற்றை எண்ணில் அடைத்தல் கரிசலுக்குப் பொருந்துவதாக இல்லை. மத்திய அரசாங்கம் 2024 அக்டோபரில் 70 வயது நிறைந்தார் அனைவர்க்கும் வருமானம் நோக்காது பாதுகாப்பை விரித்தது. வருமானம் வினவாத வழியும் உண்டென்பதற்கு அஃது ஒரு சான்று.

இதுகாறும் இரு பங்குகளைப் பற்றியே பேசினோம். எந்த ஏட்டிலும் எழுதப்படாத மூன்றாம் பங்கு ஒன்று உண்டு. அதனை எம் குடும்பத்திலேயே கண்டோம். எம் மாமா ஒருவர்க்கு இருதயத்தில் அறுவைச் சிகிச்சை வேண்டியிருந்தது. அட்டை இருந்தது, பெருநகரத்துத் தனியார் வைத்தியசாலையொன்றிற் சிகிச்சையும் நடந்தது, உயிரும் தங்கிற்று. காப்பீடு இல்லையாயின் காடு போயிருக்கும் என்று அத்தை இன்றும் கூறுவார். ஆயினும், அநுமதி வருமுன் அவ்விடத்தார் கேட்ட முன்பணத்துக்காக வட்டிக்குக் கடன் வாங்க நேர்ந்தது. நோய் இன்னதென்று அறியும் வரை அலைந்த பேருந்துச் செலவு, உடனிருந்தாரின் சாப்பாடு, ஏழு வாரம் இருவரும் இழந்த கூலி ஆகியவை எந்த அரசாங்கத்தின் பங்கிலும் சேரவில்லை. மத்தியத் திட்ட விதியில் சேர்க்கைக்கு முன் 3 நாளும், வீடு திரும்பிய பின் 15 நாளும் அடங்கும். இருதய நோயாளி மாத்திரை உண்பதோ ஆயுள் முழுவதும்! அறுபதும் நாற்பதும் கூடி நூறாகும் என்பது கணக்கு. எம் அத்தையின் கணக்கில் அந்நூற்றுக்கு மேலும் ஒரு தொகை இருந்தது.

இம்மூன்றாம் பங்கைக் குறைக்கும் வழி காப்பீட்டில் மட்டும் இல்லை. அண்மையில் உள்ள அரசாங்க வைத்தியசாலையிலும் இருக்கின்றது. கோவில்பட்டியிலேயே நோய் கண்டறியப்பட்டு, அங்கேயே மாத்திரையும் இலவசமாகக் கிடைக்குமாயின், திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் செல்லும் பயணங்களிற் பல குறையும். காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் அரசாங்க வைத்தியசாலை சிகிச்சை செய்தால், அதற்குரிய தொகை அவ்வைத்தியசாலைக்கே வருமானமாகின்றது. அது நம் ஊர்க் கட்டிலுக்கும் கருவிக்கும் பயன்படும். ஆகவே, காப்பீடு வேண்டுமா, வைத்தியசாலை வேண்டுமா என்று வழக்காடுதல் வீண். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது, துணையே ஆகும்.

இவற்றை அறிவதனால் யாது பயன் என்று சிலர் வினவலாம். யார் எவ்வளவு செலுத்த வேண்டும் என்று அறியாத குடிகள், குறை நேர்ந்தால் யாரைக் கேட்பது என்றும் அறியார். டெல்லியைக் கேட்டால் சென்னையைக் காட்டுவர். சென்னையைக் கேட்டால் டெல்லியைக் காட்டுவர். பெயரும் பெருமையும் யாருக்கு என்னும் வழக்கு பெரியோரிடை முற்றிய இடமும் உண்டு; மேற்கு வங்காள அரசாங்கம் 2019 ஜனவரியில் மத்தியத் திட்டத்தினின்று விலகியமை யாவரும் அறிந்ததே. கட்டிலிற் கிடப்பவர்க்குப் பெருமை யாரதாயினும் ஒன்றே. மருந்து வந்து சேர்தலே வேண்டுவது.

நம் கல்லூரி மாணவர்க்கு ஒரு விண்ணப்பம் செய்து அமைகின்றோம். விடுமுறையில் ஊர் செல்லுங்காலை, தத்தம் தெருவில் எத்தனை வீட்டில் அட்டை உண்டு, எத்தனை வீட்டில் இல்லை என்று கேட்டறியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெறவும், அட்டைக்கு விண்ணப்பிக்கவும் எழுத்தறியாதார்க்கு ஒரு நாள் துணை செல்லுங்கள். அநுமதி வருமுன் எவர்க்கும் முன்பணம் கொடாமல், வைத்தியசாலையில் உள்ள காப்பீட்டு உதவியாளரை முதலிற் காணுமாறு சொல்லுங்கள். அறுபதையும் நாற்பதையும் நாம் மாற்ற இயலாது. அது சபைகளில் நடக்கும் காரியம். மூன்றாம் பங்கிற் சிறிதளவையேனும் நம் தோளில் ஏற்க நம்மால் இயலும். படித்த பிள்ளை என்று ஊரார் நம்மை அழைப்பதற்கு அதுவே பொருளாகும்.