கையை எடுத்தா அணையுற அடுப்பு

கேஸ் அடுப்பு பத்தவே மாட்டேங்குதுன்னா அது ஒரு வியாதி. நல்லாப் பத்தி, நாப்ல இருந்து கையை எடுத்ததும் பொசுக்குன்னு அணைஞ்சா அது வேற வியாதி. ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற. போன மாசம் குடவாசல்ல எங்க வீட்டு அடுப்புக்கு வந்தது ரெண்டாவது. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. (கவிதை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும் :-))

முதல்ல அடுப்போட ஜாதகம். அம்மா கொடியடுப்புல ஆரம்பிச்சு உமி அடுப்பு, திரி ஸ்டவ், பம்ப் ஸ்டவ்னு எல்லாத்தையும் ஆண்டவங்க. எங்க தெருவுல பல வீடுகளுக்கு கேஸ் வந்ததே 2007-ல அரசாங்கம் இலவச அடுப்பு கொடுக்க ஆரம்பிச்ச பிறகுதான். ரெண்டு வருஷம் முன்னாடி அக்கா ஒரு கண்ணாடி அடுப்பு வாங்கி மாட்டிக் கொடுத்தா. அதுல ஒவ்வொரு பர்னர் பக்கத்துலயும் பென்சில் முனை மாதிரி ஒரு சின்னக் கம்பி துருத்திக்கிட்டு இருக்கும். விஷயமே அதுலதான் இருக்கு.

அந்தக் கம்பிக்குப் பேரு தெர்மோகப்பிள். ரெண்டு வேற வேற உலோகத்தை ஒரு முனையில சேர்த்து, அந்த முனையைச் சூடாக்கினா கொஞ்சூண்டு மின்சாரம் வரும். 1821-ல சீபெக்ங்கிறவர் கண்டுபிடிச்ச சங்கதி. கொஞ்சூண்டுன்னா ஏதோ 20, 30 மில்லிவோல்ட். ஒரு டார்ச் செல் 1500 மில்லிவோல்ட், ஒப்பிட்டுப் பார்த்துக்குங்க. ஆனா நாப்புக்குப் பின்னாடி வால்வுல ஒரு குட்டி மின்காந்தம் இருக்கு, அதுக்கு இதுவே போதும்.

நாப்பை அழுத்தும்போது வால்வைத் திறந்து வைக்கிறது நம்ம கைதான். சில நொடியில கம்பி சூடானதும் காந்தம் வால்வைப் பிடிச்சுக்கும், நாம கையை எடுத்துக்கலாம். பால் பொங்கியோ காத்தடிச்சோ தீ அணைஞ்சா கம்பி ஆறும், மின்சாரம் நிக்கும், காந்தம் விட்டுடும், ஸ்பிரிங் வால்வை மூடிடும். கேஸ் நின்னுடும். நாம சாதாரணமா வாங்குற ரெண்டு பர்னர் அடுப்புல பெரும்பாலும் இது கிடையாது. அதுல தீ அணைஞ்சாலும் கேஸ் பாட்டுக்கு வந்துக்கிட்டே இருக்கும்.

ஆக, கையை எடுத்ததும் அணையுதுன்னா காந்தத்துக்குச் சேர வேண்டிய மின்சாரம் சேரலைன்னு அர்த்தம். பக்கத்து பர்னர் ஒழுங்கா எரிஞ்சதால சிலிண்டர், ரெகுலேட்டர், ட்யூப் மூணு பேரும் நிரபராதி.

அம்மா அதுக்குள்ள அடுப்பு ரிப்பேர் பார்க்கிறவரைக் கூப்பிட்டுட்டாங்க. வந்தவர் ரெண்டு தடவை பத்தவச்சுப் பார்த்துட்டு, "இந்த சென்சாரே தொல்லை சார். தூக்கிட்டு நேர் பண்ணி விட்டுர்றேன். எல்லாரும் அப்படித்தான் பண்ணிக்கிறாங்க"ன்னார். அம்மாவுக்கும் சம்மதம். "ஆமாண்டா, காலங்காத்தால எவ்வளவு நேரம் அழுத்திக்கிட்டு நிக்கிறது? கை வலிக்குதுடா"ன்னாங்க.

நான் வேண்டாம்னுட்டேன். காரணம் அம்மாவோட மூக்கு. 2021-ல கொரோனா வந்து போனதுலேர்ந்து அம்மாவுக்கு வாசனை சரியாத் தெரியறதில்லை. ரசத்துக்குப் பெருங்காயம் போட்டமான்னு டப்பாவைப் பார்த்துத்தான் சொல்லுவாங்க. சமையல் கேஸுக்கு இயல்பா வாசனை கிடையாது. கசிஞ்சா தெரியட்டும்னுதான் மெர்காப்டன்னு ஒரு நாத்தம் புடிச்ச சரக்கைக் கலக்கிறாங்க. ஊருக்கே அடிக்கிற அந்த எச்சரிக்கை அம்மாவுக்கு மட்டும் கேக்காது. போதாக்குறைக்கு இந்த கேஸ் காத்தை விட கனம். மேல ஜன்னல் திறந்திருந்தாலும் கீழே தரையோட தரையாத் தேங்கும். காத்துல நூத்துக்கு ரெண்டு பங்கு கலந்தாலே ஒரு பொறி போதும், ஃபிரிட்ஜ் சுவிட்ச் பொறி கூட. வீட்டுல அம்மா தனியா. மூக்கு செய்யாத வேலையை அந்தக் கம்பிதான் செய்யுது. அதைப் போய் வெட்டச் சொல்றதா?

கும்பகோணம் எங்களுக்குப் பக்கம். 2004 ஜூலை 16-ல பள்ளிக்கூட சமையல்கூரையில பத்தின தீயில 94 குழந்தைங்க போனதை இந்தப் பக்கத்துல யாரும் மறக்கலை. "எல்லாரும் அப்படித்தான்"ங்கிற பேச்சு அடுப்படிக்கு ஆகாது.

வைத்தியம் என்னவோ சுலபம்தான். ரெகுலேட்டரை மூடிட்டு, அடுப்பு ஆறினதும் பர்னர் மூடியைக் கழட்டினோம். கம்பி முனையில பாலாடை தீஞ்சு கறுப்பா ஒட்டியிருந்துச்சு. பழைய டூத்பிரஷ்ல தேய்ச்சு, நைசான உப்புத்தாளால லேசா ஒரு தடவு. பத்தவச்சா அப்பவும் அணைஞ்சது. குனிஞ்சு பார்த்தா கம்பி பக்கத்து பர்னர்ல இருக்கிறதை விட ஒரு நூல் கீழே இறங்கியிருக்கு, தீ முனையில படவே இல்லை. ரிப்பேர்காரரே நட்டைத் தளர்த்தி, கம்பியை உசத்தி, முடுக்கினார். அஞ்சு நொடி அழுத்தி விட்டதும் நின்னு எரிஞ்சது. அப்பவும் எரியலைன்னா புதுக் கம்பி மாத்தலாம், சில நூறு ரூபாயோட போயிடும். வேலை தெரிஞ்ச மனுஷன்தான். கூலி வாங்கும்போது, "இப்படியும் பண்ணலாம் சார், யாரும் கேக்கறதில்லை"ன்னார்.

கம்பி இல்லாத சாதாரண அடுப்பு உள்ளவங்க பார்க்க வேண்டியது:

* ரெண்டு பர்னருமே சோம்பினா சிலிண்டர் தீரப்போகுது, இல்லேன்னா ரெகுலேட்டர் கோளாறு.
* பர்னர் மூடி சரியா உக்கார்ந்திருக்கா பாருங்க. கழுவினா நல்லாக் காயவச்சுப் போடுங்க.
* தீ பர்னரை விட்டு எழும்பி அணைஞ்சா காத்து அதிகம். ஃபேனை நிறுத்திப் பாருங்க.
* வீடு மாசக்கணக்குல பூட்டிக் கிடந்தா, பர்னருக்குப் போற குழாய்ல சிலந்தி வலை பின்னியிருக்கும்.
* பம்ப் ஸ்டவ் ஞாபகத்துல ஜெட் ஓட்டைக்குள்ள ஊசியை விட்டுக் குடையாதீங்க. பித்தளை மெத்துன்னு இருக்கும், ஓட்டை பெரிசாகும். அப்புறம் மஞ்சள் தீ, பாத்திரம் பூரா கரி.

கேஸ் கசிவுன்னு சந்தேகம் வந்தா சுவிட்ச் எதையும் தொடாம, ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துட்டு வெளியே வந்து 1906-க்குப் போன் பண்ணுங்க. 24 மணி நேரமும் எடுப்பாங்க. வயசானவங்க தனியா இருக்கிற வீடுன்னா அந்த நம்பரைக் கொட்டை எழுத்துல எழுதி, அடுப்படியில இல்லாம வாசக்கதவுக்குப் பின்னாடி ஒட்டி வைங்க.