பதினைந்து மா நிலமும் இரண்டு அத்தைகளும்

என் அத்தைகள் இருவருக்கும் நடுவில் ஒரு தேதி நிற்கிறது: 1989 மார்ச் 25. பெரியத்தைக்குக் கல்யாணம் ஆனது 1987-ல். சின்னத்தைக்கு 1991-ல். ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே வீட்டில் வளர்ந்து, ஒரே வயலில் நாற்றுப் பறித்தவர்கள். ஆனால் அந்தத் தேதியில் ஒருத்தி கல்யாணமானவள், இன்னொருத்தி ஆகாதவள். அதனால் தாத்தாவின் பூர்வீக நிலத்தில் சின்னத்தைக்கு அண்ணன் தம்பிகளுக்குச் சமமான பங்கைச் சட்டம் கொடுத்தது. பெரியத்தைக்குக் கொடுத்தது அதில் ஆறில் ஒன்று. கடைசியில் இருவருமே ஒரு குழி நிலம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு 17 வயது. பிளஸ் டூ படிக்கிறேன். வகுப்பில் பெண்ணுரிமை என்று பேச்செடுத்தாலே, "அதான் எல்லாம் சமமாயிடுச்சே, பஸ்ஸுகூட உங்களுக்கு ஃப்ரீதானே" என்று பையன்கள் முடித்துவிடுவார்கள். பெண்களிலும் பாதிப்பேர் தலையாட்டுவார்கள். சமம் என்பது உண்மையிலேயே வந்துவிட்டதா, வந்தது என்றால் எப்போது, யார் கொண்டுவந்தார்கள் என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். உலகத்தையெல்லாம் அளப்பதற்கு முன்னால் எங்கள் வீட்டை அளந்து பார்ப்போம் என்று அப்பாவிடம் நிலப் பத்திரங்களைக் கேட்டேன். அவர் தயங்கவில்லை. பீரோவிலிருந்து எடுத்து முன்னால் வைத்தார்.

தாத்தா 1994-ல் இறந்தார். 1996-ல் பாகப்பிரிவினை நடந்திருக்கிறது. எங்கள் ஊர் டெல்டாவில் இருக்கிறது. நிலத்தை மா கணக்கில்தான் சொல்வோம். மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். தாத்தாவுக்கு இருந்தது 15 மா. பெரியப்பாவுக்கு ஏழரை, அப்பாவுக்கு ஏழரை என்று பத்திரம் சொல்கிறது. அதோடு சேர்த்துக் கட்டியிருந்தது ஒரு விடுதலைப் பத்திரம். பெண்மக்களுக்குச் சீர்வரிசையோடு கல்யாணம் செய்து கொடுத்தாகிவிட்டது, அவர்களுக்கு இனிப் பாத்தியதை இல்லை என்று அதில் எழுதியிருக்கிறது. கீழே இரண்டு அத்தைகளின் கையெழுத்து, அப்பாவைப் பெற்ற அப்பாயியின் இடது பெருவிரல் ரேகை.

இவர்கள் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று கணக்குப் போடத்தான் சட்டத்தைத் தேடினேன். எங்கள் அரசியல் அறிவியல் ஆசிரியை வழிகாட்டினார். ஊரில் 30 வருடத்துக்கும் மேலாகப் பத்திரம் எழுதி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

1956 ஜூன் 17-ல் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பூர்வீகச் சொத்துக்கு அது அப்படியே பொருந்தவில்லை. அதில் மகனுக்குப் பிறந்த நிமிடமே பங்கு உண்டு, மகளுக்குக் கிடையாது. அதனால் அப்பாவும் மகன்களும் முதலில் பிரித்துக்கொண்டதாக வைத்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பிரித்ததில் அப்பாவுக்கு வரும் துண்டைத்தான் எல்லோரும் பங்கிட வேண்டும். எங்கள் 15 மாவுக்கு இதைப் போட்டுப் பார்த்தேன். தாத்தாவுக்கும் இரண்டு மகன்களுக்கும் ஆளுக்கு 5 மா. தாத்தாவின் 5 மாவை அப்பாயி, இரண்டு மகன், இரண்டு மகள் என்று ஐந்து பேர் பிரித்தால் தலைக்கு 1 மா. ஆக, மகன்களுக்கு 6 மா, 6 மா. மகள்களுக்கு ஆளுக்கு ஒரு மா. அந்த நிலத்தில் வாழ்நாளெல்லாம் குனிந்து நின்ற அப்பாயிக்கும் ஒரு மா.

வீட்டு விஷயத்தில் அந்தச் சட்டம் இன்னும் கடுமையாக இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டை மகன்கள் பிரித்துக்கொள்ள முன்வராதவரை மகள் பிரித்துக் கேட்க முடியாது. கணவரோடு வாழும் மகளுக்குப் பிறந்த வீட்டில் தங்கும் உரிமைகூட இல்லை. கணவரை இழந்தோ, அவரால் கைவிடப்பட்டோ, பிரிந்தோ வந்தால் மட்டுமே உண்டு. பிறந்த வீட்டுக்குள் உரிமையோடு நுழைய ஒரு பெண்ணின் வாழ்க்கை முதலில் உடைய வேண்டும் என்பதை நாடாளுமன்றம் எழுதி வைத்திருந்தது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பால் பங்கில்லை என்ற நிலையைத் தமிழ்நாட்டில் மாற்றியதுதான் 1989 மார்ச் 25 என்ற தேதி. மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்த காலம் அது. மாநில அரசு 1956-ம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் பங்கு கொடுத்தது. ஆந்திரம் 1986-லேயே இதைச் செய்திருந்தது. கேரளம் 1975-ம் ஆண்டுச் சட்டத்தால் கூட்டுக் குடும்பச் சொத்து முறையையே ஒழித்துவிட்டது. மகளை ஒதுக்கியதுதான் வரதட்சணைக்கு வழிவிட்டது என்று தமிழ்நாட்டுச் சட்டத்தின் முகப்புரை காரணம் சொல்கிறது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமான மகள்களை இந்தச் சட்டமும் வெளியே நிறுத்தியது. பெரியத்தை வெளியே நின்றது அப்படித்தான். புதிய கணக்கில் மகன்களுக்கும் சின்னத்தைக்கும் ஆளுக்கு நாலரை மா. பெரியத்தைக்கும் அப்பாயிக்கும் ஆளுக்கு முக்கால் மா. கல்யாணமான பெண் வேறு வீட்டுக்குப் போய்விட்டவள் என்ற பழைய எண்ணம், பெண்ணுக்கு உரிமை கொடுக்க எழுதிய சட்டத்துக்குள்ளேயும் வந்து உட்கார்ந்திருந்தது.

இந்த உரிமையை முதலில் கேட்டது யார்? பின்னோக்கிப் போகப் போகப் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன.

சட்ட அமைச்சராக அம்பேத்கர் முன்னெடுத்த இந்து சட்டத் தொகுப்பு மசோதா, ஆண்களுக்கு மட்டுமான அந்தப் பிறப்புரிமையையே எடுத்துவிடச் சொன்னது. அதன் வரைவைத் தயாரித்த பி.என். ராவ் குழு மகளுக்கு மகனின் பங்கில் பாதி என்று வைத்திருந்தது. அம்பேத்கர் தலைமையிலான தெரிவுக் குழு அதைச் சம பங்காக உயர்த்தியது. எதிர்ப்பு அவைக்குள்ளும் தெருவிலும் கிளம்பியது. துர்காபாய், ரேணுகா ராய், அம்மு சுவாமிநாதன் போன்ற பெண் உறுப்பினர்கள் மசோதாவின் பக்கம் நின்றார்கள். மசோதா கிடப்பில் போடப்பட்டது. 1951 செப்டம்பர் 27-ல் அம்பேத்கர் பதவி விலகினார். அதற்கு அவர் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. பிறகு மசோதா நான்கு சட்டங்களாகப் பிரிந்து 1955, 1956-ல் நிறைவேறியபோது, ஆண்களின் பிறப்புரிமை பத்திரமாகத் தப்பியிருந்தது.

அதற்கும் முன்னால், 1929 பிப்ரவரி 17, 18. செங்கல்பட்டில் முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, தலைமை டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். ஆணுக்குச் சமமாகப் பெண்ணுக்கும் சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். பெண்ணின் திருமண வயது 16-க்குக் குறையக் கூடாது, மணவிலக்கு உரிமை வேண்டும், கணவரை இழந்தவர்கள் மறுமணம் செய்யலாம் என்றும் தீர்மானித்தார்கள். அதே வருடம் செப்டம்பரில் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதாக வைத்தது 14. செங்கல்பட்டு அதையும் தாண்டிக் கேட்டிருக்கிறது. 17 வயதில் பள்ளிக்கூட பெஞ்சில் இருந்துகொண்டு அந்தத் தீர்மானத்தைப் படிக்கும்போது, அவர்கள் என்னை நினைத்துத்தான் எழுதினார்கள் என்று எனக்குத் தோன்றியது.

அந்த இயக்கத்தில் பெண்கள் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மூவலூர் ராமாமிர்தம், குஞ்சிதம் குருசாமி, நீலாவதி ராமசுப்பிரமணியம் என்று மேடையேறிப் பேசியவர்களும் பத்திரிகைகளில் எழுதியவர்களும் இருந்தார்கள். எங்கள் தெரு அக்கா கல்லூரி போவதற்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டத்தின் பெயரில் இருக்கும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அவர்தான். அந்தப் பெயருக்குப் பின்னால் இப்படி ஒரு வாழ்க்கை இருப்பதை எங்கள் வகுப்பில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை.

மகனுக்கு மட்டும் பிறப்பால் பங்கு என்ற விதிக்கு வயது எவ்வளவு? சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் அவையில் இருந்த விஞ்ஞானேசுவரர் எழுதிய மிதாட்சரம் என்ற உரைவரை அது போகிறது. ஏறக்குறைய 900 ஆண்டு. ஆங்கிலேயர் கால நீதிமன்றங்கள் அதையே இந்துக்களின் சட்டமாகப் பிடித்துக்கொண்டன. வங்காளத்தில் ஜீமூதவாகனரின் தாயபாகம் வேறு விதி சொன்னது. அங்கே மகனுக்கும் பிறப்பால் பங்கு கிடையாது. ஊருக்கு ஊர் மாறுகிற, மனிதர்கள் எழுதிய விதி இது. மனிதர்கள் எழுதியதை மனிதர்கள் மாற்றலாம் என்ற தைரியம் எனக்கு வந்தது இந்த இடத்தில்தான்.

இந்துக் குடும்பங்களோடு இந்தக் கதை முடிவதுமில்லை. திருவிதாங்கூர் சிரியன் கிறிஸ்தவர்களில் மகளுக்கு மகனின் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் என்ற ஆசிரியை இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1986-ல் ஜெயித்தார்.

பிறகு இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு நாடு முழுவதற்குமான திருத்தம் 2005 செப்டம்பர் 9-ல் நடைமுறைக்கு வந்தது. பினா அகர்வால் போன்ற ஆய்வாளர்களும் பெண்கள் அமைப்புகளும் விடாமல் வலியுறுத்தியதன் பலன் அது. கல்யாணமானவள், ஆகாதவள் என்ற வேறுபாடு போனது. வீட்டைப் பிரித்துக் கேட்கக் கூடாது என்ற பிரிவும் போனது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது: தேவையில்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது. இந்தக் கணக்கில் எங்கள் 15 மாவில் நான்கு பிள்ளைகளுக்கும் தலைக்கு 3.6 மா. அத்தைகள் இருவரும் முதல்முறையாக ஒரே கோட்டில் நிற்கிறார்கள். ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினையை இந்தத் திருத்தம் தொடாது. எங்களுடையது 1996. முடிந்தது முடிந்ததுதான்.

ஆனாலும் 1996-ல் சின்னத்தைக்கு நாலரை மா இருந்ததே. ஏன் கேட்கவில்லை? அவரிடமே போனேன்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க பாப்பா. உங்கப்பா நல்லவன். ஆனா அதுக்கப்புறம் நான் எந்த மொகத்தோட அந்த வாசப்படி ஏறுவேன்? என் பிள்ளைக்குக் காது குத்துனா தாய்மாமன் மடிதானே வேணும்?"

பெரியத்தை சொன்னது இன்னும் சுருக்கம். "எனக்குப் பங்கு உண்டா இல்லியான்னு ஒருத்தரும் சொல்லல. ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வரச் சொன்னாங்க. காட்டுன எடத்துல போட்டுட்டு வந்தேன்."

தன்னிடம் விடுதலைப் பத்திரம் எழுத வந்த பெண்கள் ஏராளம், பங்கைக் கேட்டு வாங்கிப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றார் அந்தப் பெரியவர். நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெரும்பாலும் பெண்கள் கைதான். ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், நாட்டின் சாகுபடி நில உடைமைகளில் பெண்கள் நடத்துபவை ஏறக்குறைய 14 சதவீதம் மட்டுமே. சட்டம் நாடாளுமன்றம் வரைக்கும் போய் ஜெயித்துவிட்டு, எங்கள் ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகப் படியில் நின்றுவிடுகிறது.

இந்தத் தேடலில் எனக்குக் கிடைத்த முக்கியமான கேள்வி அத்தை சொன்ன வாசப்படியில்தான் இருக்கிறது. கூடப்பிறந்தவர்களின் பாசம் நிலைக்க ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றால், எப்போதும் அந்த ஒருவர் பெண்ணாகவே இருப்பது ஏன்? அண்ணன் தம்பி வரப்புக்காகக் கோர்ட்டுக்குப் போனால் ஊர் அதை வழக்கு என்கிறது. தங்கை கேட்டால் பாசம் இல்லாதவள் என்கிறது. சீர் செய்தோமே என்கிறார்கள். சீர் அத்தைகளோடு புருஷன் வீட்டுக்குப் போனது, வருடங்களில் தேய்ந்தது, அடகுக் கடைக்கும் போனது. நிலம் இன்னும் அங்கேயே இருக்கிறது, விலையேறிக்கொண்டு. இரண்டும் சமம் என்று நான் நம்பத் தயாரில்லை.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "உனக்கும் தம்பிக்கும் சமமாத்தான் குடுப்பேன்மா" என்றார். அவர் மனசார சொன்னார் என்று தெரியும். "நீங்க குடுக்கறது இல்லப்பா, அது நான் பொறக்கும்போதே வந்தது" என்றேன். ஒருவர் மனசு நல்லதாக இருப்பதை நம்பி நிற்பது உரிமை ஆகாது. அத்தைகளுக்கும் நல்ல அண்ணன் தம்பிகள்தான் இருந்தார்கள்.

செங்கல்பட்டுத் தீர்மானத்திலிருந்து தமிழ்நாட்டுச் சட்டம் வர 60 வருடம் ஆனது. அந்த வேலையை வேறு பலர் எங்களுக்காகச் செய்து முடித்துவிட்டார்கள். மிச்சமிருப்பது வீட்டுக்குள் செய்ய வேண்டியது; அதை என் வயதுப் பெண்கள்தான் செய்ய வேண்டும். என் தோழிகளிடம் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்: உங்கள் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அம்மாவும் அத்தையும் எங்கே கையெழுத்துப் போட்டார்கள் என்று பாருங்கள். 18 வயது ஆனதும் நம் கையெழுத்துக்கும் மதிப்பு வந்துவிடும். யார் நீட்டினாலும், எவ்வளவு பாசத்தோடு நீட்டினாலும், நம் பங்கு எவ்வளவு என்று தெரியாமல் எந்தத் தாளிலும் அதைப் போடக் கூடாது.