திரும்பி வந்த 263 பேர்

வேலூர் லாங் பஜாரில் ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. இந்த ஊரிலிருந்து 277 பேர் 1914–18 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள். மூட்டையும் வண்டியும் நெரியும் அந்தத் தெருவில் அதை நின்று படிப்பவர்கள் குறைவு. படிப்பவர்களும் 14 என்ற எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். என் மனம் மற்றக் கணக்குக்குத்தான் போகும். மீதி 263 பேர் வீடு வந்து சேர்ந்திருக்க வேண்டுமே! அவர்கள் அதன்பின் என்ன வேலை செய்து பிழைத்தார்கள், கண்டதையும் பட்டதையும் யாரிடம் சொன்னார்கள்? அதைச் சொல்லும் கல் எங்கும் இல்லை.

மாண்ட வீரனைப் போற்றுவது நமக்குப் புதிதல்ல. செங்கம், தருமபுரிப் பக்கம் ஆநிரை மீட்கப் போய் விழுந்தவர்களின் நடுகற்கள் இன்றும் நிற்கின்றன. அப்படி மாண்டவனின் குடும்பத்துக்கு நிலம் விட்டதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. உதிரப்பட்டி என்று அதற்குப் பெயர். கல் நட்டதோடு விடாமல் சோற்றுக்கும் வழி செய்த ஊர்கள் அவை. நம் காலத்திலும் 2014-ல் மேஜர் முகுந்த் வரதராஜனுக்கும், 2020-ல் கல்வானில் மாண்ட ராமநாதபுரத்து ஹவில்தார் பழனிக்கும் தமிழ்நாடே கண் கலங்கியது. கலங்கத்தான் வேண்டும். ஆனால் உயிரோடு திரும்புகிறவர் காட்பாடியிலோ மதுரையிலோ டிரங்குப் பெட்டியோடு ரயிலை விட்டு இறங்கும்போது அவரை யாரும் கவனிப்பதில்லை.

ஓய்வு பெற்ற ராணுவ வீரர் என்றதும் நரைத்த மீசையும் கைத்தடியும்தான் நமக்கு நினைவு வருகிறது. உண்மை வேறு. பதினெட்டு, பத்தொன்பது வயதில் சிப்பாயாகச் சேர்ந்தவர் பெரும்பாலும் நாற்பதை ஒட்டி வெளியே வந்துவிடுகிறார். பதினைந்து ஆண்டு முடித்தால் பென்ஷன் உண்டு. மகள் பத்தாம் வகுப்பில் இருப்பாள், வீட்டுக் கடன் பாதியில் நிற்கும். ஆயுளில் பாதி இன்னும் மிச்சம் இருக்கிறது.

ஆசிரியராக இருந்த நாட்களில் எங்கள் பக்கத்துப் பையன்கள் பலர் பட்டாளத்துக்குப் போனதைப் பார்த்தேன். திரும்பி வந்ததையும் பார்த்தேன். அப்படி வருகிறவர் முதலில் தடுக்கி விழும் இடம் அவருடைய சொந்த வீடுதான். ஆண்டுக்கு இரண்டு மாத லீவில் வந்தபோது அவர் விருந்தாளி. கறி எடுத்தார்கள், பிள்ளைகள் முதுகில் ஏறினார்கள். இப்போது அவர் நிரந்தரமாக வந்துவிட்டார். இதற்கிடையில் அந்த வீடு அவர் இல்லாமல் நடக்கப் பழகிவிட்டது. பள்ளிக்கூடக் கட்டணம், மாமியாரின் மருந்து, வரப்புத் தகராறு, சீட்டுப் பணம் எல்லாவற்றையும் மனைவி தனியாகச் சுமந்து ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்திருப்பாள். அவர் வந்து அதிகாலை ஐந்து மணிக்கு எல்லோரையும் எழுப்புவார். செருப்பு வரிசையாக இல்லையென்று குரல் உயரும். மகன் பதில் பேசாமல் வெளியே போய்விடுவான். இதில் யார் மீதும் குற்றமில்லை. தாமதம் உயிரைக் குடிக்கும் இடத்தில் பழகிய உடம்பு அது. வீட்டு நடை பழக அவருக்கு ஒன்றிரண்டு ஆண்டு ஆகும். அதுவரை சுற்றியிருப்பவர்கள் பொறுமையாக இருக்கலாம். ஊர்க்கூட்டத்துக்குக் கூப்பிடலாம், ஏரி வேலையில் சேர்த்துக்கொள்ளலாம். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையில் ஏறக்குறைய வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருந்தவர். அந்த ஊரை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அங்கே வந்து இறங்குகிறவருக்குத் திண்ணைக்குத் திண்ணை அவர் பாஷை தெரிந்த ஆள் உண்டு. மற்ற ஊர்களில் அவர் ஒற்றை ஆள்.

அடுத்தது வேலை. சிக்னல்ஸ் பிரிவில் இருந்தவர் பனிமலையில் தொலைத்தொடர்பை அறுந்துவிடாமல் காத்தவர். இயந்திரங்களைப் பழுது பார்க்கும் இ.எம்.இ. பிரிவில் இருந்தவர் எந்த என்ஜினையும் பிரித்துக் கோர்ப்பார். மெட்ராஸ் சாப்பர்ஸ் தம்பிகள் ஆற்றின் குறுக்கே பாலம் போட்டவர்கள். இவர்களையெல்லாம் ஏ.டி.எம். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறோம். அது நேர்மையான வேலைதான், அதில் இழிவில்லை. ஆனால் அதைத் தவிர வேறு எதுவும் அவரிடம் கேட்கத் தோன்றவில்லையே என்பதுதான் என் வருத்தம். மத்திய அரசின் சி பிரிவுப் பணிகளில் பத்து சதவீதமும், பழைய டி பிரிவில் இருபது சதவீதமும் முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த இடங்கள் முழுதாக நிரம்புவதில்லை. நாற்பது வயதில் கல்லூரிப் பிள்ளைகளோடு தேர்வு எழுத வேண்டும். ராணுவச் சான்றிதழில் உள்ள பயிற்சிப் பெயர்கள் வெளியே யாருக்கும் புரிவதில்லை. ஒரு ஒர்க்‌ஷாப் முதலாளியோ பாலிடெக்னிக் முதல்வரோ அரைமணி நேரம் உட்கார்ந்து, “நீங்க அங்க என்ன செஞ்சீங்க?” என்று கேட்டால் போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

இலங்கைக்குப் போய்த் திரும்பியவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1987-ல் போன இந்திய அமைதிப்படையின் கடைசிப் பிரிவு 1990 மார்ச்சில் சென்னைத் துறைமுகம் வந்தபோது அன்றைய முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. அங்கே தமிழ் மக்கள் பட்ட துயரம் உண்மை, அதை யாரும் மூடி மறைக்கக் கூடாது. எங்கே போய்ச் சண்டையிடுவது என்பதைச் சிப்பாய் முடிவு செய்வதில்லை என்பதும் உண்மைதான். அந்தப் படையிலும் தமிழ்ப் பிள்ளைகள் இருந்தார்கள். ஊருக்கு வந்து முப்பது ஆண்டுக்கு மேலாகியும் அதைப் பற்றி வாய் திறக்காதவர்களை எனக்குத் தெரியும். கேள்வி கேட்டுக் குடையாமல், தீர்ப்புச் சொல்லாமல், அவர்களாகப் பேசும் நாளில் காது கொடுக்க ஒருவர் வேண்டும். நம்மில் பலர் முன்னாள் ராணுவத்தாரிடம் கேட்பது என்ன? ராணுவக் கேன்டீனில் ஒரு பாட்டில் மது கிடைக்குமா என்று! இருபது ஆண்டு சேவையை அந்த ஒரு கேள்வியில் சுருக்குவதை இனியாவது நிறுத்துவோம்.

முன்னாள் வீரர் காலமான பிறகு அவர் மனைவி படும் பாடு இன்னும் பெரிது. குடும்ப பென்ஷனுக்கு எழுதிப் போட்டால், படையில் அவர் பதிவு செய்த பெயர் கன்னியம்மா, ஆதாரில் இருப்பது கன்னியம்மாள் என்று காகிதம் திரும்பி வரும். அந்த ஒரு எழுத்துக்காக ஜபல்பூரிலோ செகந்திராபாத்திலோ உள்ள ஆவண அலுவலகத்துக்கு எழுத வேண்டும். பதில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ வரும். இப்போது எல்லாம் ஸ்பர்ஷ் என்ற இணையதளத்தில். ஆண்டுதோறும் உயிர்ச்சான்று பதியாவிட்டால் பணம் நின்றுவிடும். கைப்பேசியும் கல்லூரிப் படிப்பும் உள்ள தெருப்பிள்ளை ஒருவன் அந்த அம்மாவோடு அரைநாள் உட்கார்ந்தால் முடிகிற வேலை இது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, கூட்டிக்கொண்டு போகத்தான் ஆள் இல்லை. டிசம்பர் 7 கொடிநாளில் உண்டியலில் போடுவது நல்லது. இந்தத் துணை அதைவிட நல்லது. கணவர் இருக்கும்போதே பெயரையும் பிறந்த தேதியையும் ஒத்துப்பார்த்துத் திருத்திவிட்டால் அதுவே பெரிய உபகாரம்.

அக்னிபத் என்ற ஆள்சேர்ப்புத் திட்டம் வந்த பிறகு இந்தக் கவலை வயது குறைந்தவர்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. 2022-ல் அறிவித்த அந்தத் திட்டத்தில் தரைப்படையின் முதல் அணி 2023 ஜனவரியில் பயிற்சிக்குப் போனது. நான்கு ஆண்டு முடிந்ததும் அதிகபட்சம் நாலில் ஒருவர்தான் படையில் தொடர முடியும் என்பது அறிவிப்பு. மற்றவர்கள் இருபதுகளிலேயே, சேவாநிதியாகச் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு, பென்ஷன் இல்லாமல் ஊர் திரும்புவார்கள். அந்தப் பணத்தைக் குறிவைத்து இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்று வருகிறவர்கள் முதல் வாரமே வாசலில் நிற்பார்கள். அதற்கு முன்னால் நம்மூர்க் கல்லூரிக்காரர்களும் ஆலை முதலாளிகளும் அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்குப் போக வேண்டும். எந்தெந்தத் தெருவிலிருந்து எத்தனை பேர் போயிருக்கிறார்கள், யார் எப்போது வருகிறார்கள் என்று ஒவ்வொரு ஊராட்சியும் இப்போதே ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். உயிரோடு வருகிறவர்களின் பெயர்கள் அதில் முதலில் இருக்கட்டும்.